சார்புகளைக் கொடுத்தால் மேனிஃபோல்டைத் திருப்பிக் கட்ட முடியுமா?

கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். ஒரு கலப்பெண் மேனிஃபோல்டின் (கிட்டத்தில் பார்த்தால் கலப்பெண் ஆயங்கள் கொண்ட வெளிபோல் தெரியும் உருவம்) மேலுள்ள எல்லாப் பகுமுறைச் சார்புகளும் (கலப்பெண் வகைக்கெழு உள்ளவை) சேர்ந்த வெளியைக் கையில் கொடுத்தால், அதிலிருந்து அந்த மேனிஃபோல்டைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, காம்பாக்ட் மேனிஃபோல்டில், அதாவது கோளப்பரப்புபோல் விளிம்பின்றி மூடி அடங்கியதில், மாறிலிகள் மட்டும்தான் உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள், அப்புறம் அந்த வெளியைப் படித்து என்ன பயன் என்றும் ஒரு சந்தேகம். அந்த வெளியோடு சேர்த்து எந்த அமைப்பைக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். கூட்டலும் எல்லை எடுப்பதும் மட்டும் தெரிந்தால் ஒரு பதில், பெருக்கலும் தெரிந்தால் வேறு பதில், நார்ம் (சார்பின் அளவைச் சொல்லும் எண்) ஒன்றும் சேர்ந்தால் இன்னொன்று. முதுகலை மாணவர்களுக்குக் கலப்பெண் பகுப்பாய்வு நடத்திவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: மேனிஃபோல்டின் உருவம் பெரும்பாலும் பெருக்கலில்தான் ஒளிந்திருக்கிறது. வெறும் வெக்டர் வெளிக்கு நினைவாற்றல் மிகக் குறைவு.

எளிய இடத்தில் தொடங்குவோம். கலப்பெண் தளத்தில் திறந்த, இணைந்த பகுதி ஒன்று. அதன் பெயர் எக்ஸ் என்றிருக்கட்டும். எக்ஸின் பகுமுறைச் சார்புகளைக் கூட்டலோடும் பெருக்கலோடும் சேர்த்து அதன் சார்பு வளையம் என்போம். அதிலிருந்து கலப்பெண்களுக்கு ஒரு ஹோமோமார்ஃபிசம், அதை ஃபை என்போம். கூட்டலையும் பெருக்கலையும் அது காக்கும், மாறிலிகளை அப்படியே விட்டுவிடும். எக்ஸில் ஒரு புள்ளியைப் பிடித்து, ஒவ்வொரு சார்புக்கும் அந்தப் புள்ளியில் அதன் மதிப்பைக் கொடுத்தால் இப்படியொரு ஃபை கிடைக்கும். இந்த வகையைத் தவிர வேறு ஃபை உண்டா? இசட் என்ற ஆயச்சார்பை ஃபை எந்த எண்ணுக்கு அனுப்புகிறது என்று பாருங்கள். அந்த எண் அ. இந்த அ எக்ஸுக்கு வெளியே இருப்பதாக வைத்துக்கொண்டால், 'இசட் − அ' எக்ஸில் எங்குமே பூச்சியமாகாது, ஆகவே அதன் தலைகீழும் நம் வளையத்திலேயே இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 1. இப்போது ஃபையைப் போட்டால் ஒரு பக்கம் 0, மறுபக்கம் 1. நடக்காத காரியம். ஆக அ எக்ஸுக்குள்தான் இருந்தாக வேண்டும். இனி எந்தச் சார்பை எடுத்தாலும், அதிலிருந்து அ-வில் அதன் மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது 'இசட் − அ'-வால் வகுபடும். ஃபை அந்த மிச்சத்தை 0-க்கு அனுப்பும். அதாவது, ஃபை ஒவ்வொரு சார்புக்கும் தருவது அ-வில் அதன் மதிப்பைத்தான். வேறு வகையே இல்லை.

இந்தச் சின்ன வாதத்தைத் தாளில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஃபை தொடர்ச்சியானது என்று எங்கும் கேட்கவில்லை. வளையத்தை மட்டும் வைத்து எக்ஸின் புள்ளிகள் அத்தனையும் திரும்பக் கிடைத்துவிட்டன. லிப்மன் பெர்ஸ் 1948-இல் இதை இன்னும் ஒரு படி தள்ளினார்: தளத்தின் இரு பகுதிகளின் சார்பு வளையங்கள் வெறும் வளையங்களாக ஐசோமார்ஃபிக் (ஒரே அமைப்புடையவை) என்றால், அந்தப் பகுதிகள் கான்ஃபார்மலாகவோ (கோணங்கள் மாறாமல்), கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிய கான்ஃபார்மலாகவோ ஒன்றுதான். கண்ணாடிப் பிம்பம் ஏன் வருகிறது என்றால், மாறிலிகளை அப்படியே விடவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டோம். −1-இன் வர்க்கமூலம் தானாகவும் போகலாம், தன் எதிர்மறையாகவும் போகலாம். இந்தத் தேற்றத்தின் கூர்மை வளையத்தட்டுகளில், அதாவது நடுவில் வட்ட ஓட்டையுள்ள தட்டுகளில், தெரியும். உள் ஆரம் 1, வெளி ஆரம் 2 உள்ள வளையத்தட்டையும், உள் ஆரம் 1, வெளி ஆரம் 3 உள்ளதையும் எடுங்கள். இடவியலில் இரண்டும் ஒன்றேதான். ஆரங்களின் விகிதம் மாறினால் கான்ஃபார்மலாக அவை வேறு, ஆகவே சார்பு வளையங்களும் வேறு. விகிதம் என்ற ஒரு மெய்யெண்ணை அந்தச் சார்பு வளையம் தனக்குள் வைத்திருக்கிறது.

சரி, பெருக்கலைப் பறித்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? காம்பாக்ட் கணங்களின் மேல் சீராக ஒருங்குவது என்ற இடவியலோடு சேர்ந்த வெக்டர் வெளி மிஞ்சும். இப்படி, ஒரே நார்முக்குப் பதில் எண்ணத்தக்க பல அளவுகளால் ஒருங்கலை அளக்கும் முழுமையான வெளியை ஃப்ரெஷே வெளி என்பார்கள். எக்ஸ் காம்பாக்டாக இல்லாமல், மாறிலியல்லாத சார்பு ஒன்றாவது இருந்தால் எந்த நார்மும் அதற்குப் பொருந்தாது. காரணம் மோண்டேல் தேற்றம்: இந்த வெளியில் மூடிய, வரம்புள்ள கணங்கள் எல்லாம் காம்பாக்ட். நார்ம் உள்ள வெளியில் அப்படி இருந்தால் பரிமாணம் முடிவுள்ளதாகிவிடும். மாறிலியல்லாத ஒரு சார்பு இருந்தாலே அதன் அடுக்குகள் எல்லாம் நேரியல் சாராதவை, ஆகவே பரிமாணம் முடிவிலி. இந்தத் தேற்றத்தைக் கையில் வைத்திருங்கள், காம்பாக்ட் பகுதியில் திரும்பவும் தேவைப்படும்.

இந்த வெக்டர் வெளி எவ்வளவு மறதிக்காரன் என்பதற்கு நான் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு, இரண்டு மாறிகளில் அலகுப் பந்தும், இரண்டு அலகு வட்டத்தட்டுகளின் பெருக்கமும். இவை பகுமுறையாக ஒன்றல்ல என்பதை 1907-லேயே புவான்கரே காட்டிவிட்டார். ஆனால் சார்பு வெளிகளை ஃப்ரெஷே வெளிகளாக மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஐசோமார்ஃபிசத்தைக் கையாலேயே எழுதிவிடலாம். இரண்டு இடத்திலும் சார்பு என்பது இசட், டபிள்யூ இரண்டின் அடுக்குத் தொடர். வட்டத்தட்டுப் பெருக்கத்தில் எந்த ஓருறுப்பின் உச்ச மதிப்பும் 1. பந்தில் அப்படியில்லை, உதாரணமாக இசட், டபிள்யூ இரண்டின் பெருக்கலுக்கு உச்சம் அரைதான், ஏனெனில் இரண்டு மட்டுகளின் வர்க்கங்களின் கூட்டல் 1-ஐத் தாண்டக்கூடாது. பந்தில் உள்ள சார்பின் ஒவ்வொரு கெழுவையும், அந்த ஓருறுப்புக்குப் பந்தில் உள்ள உச்ச மதிப்பால் பெருக்குங்கள். அவ்வளவுதான், பந்தின் சார்பு வட்டத்தட்டுப் பெருக்கத்தின் சார்பாகிவிடும், திரும்பியும் போகலாம், இரு பக்கமும் தொடர்ச்சி. தரப்பட்ட படியில் ஓருறுப்புகளின் எண்ணிக்கை பல்லுறுப்பு வேகத்தில்தான் கூடுகிறது என்பதால் ஒருங்கலில் சிக்கல் வராது. ஆனால் இந்த மாற்றம் பெருக்கலைக் காக்காது: இசட் 1-ஆல் பெருக்கப்படுகிறது, டபிள்யூவும் 1-ஆல், இரண்டின் பெருக்கலோ அரையால். பந்துக்கும் தட்டுப் பெருக்கத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த 'அரை' போன்ற எண்களில்தான் இருக்கிறது.

அதற்காக வெக்டர் வெளி எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். முழுத் தளத்தின் சார்பு வெளியும் வட்டத்தட்டின் சார்பு வெளியும் ஃப்ரெஷே வெளிகளாகவே வேறு. ஒன்றில் கெழுவின் என்-ஆம் மூலம் 0-வை நோக்கிப் போகவேண்டும், மற்றதில் மேலெல்லை 1-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். சார்புகள் தாராளமாக உள்ள மேனிஃபோல்டு என்றால் அதன் பரிமாணத்தையும் அதிலிருந்து படித்துவிடலாம். மேலே வரம்புள்ள பிளூரிசப்ஹார்மோனிக் சார்புகள் (பகுமுறைச் சார்பின் மட்டின் மடக்கை போன்றவை) எந்த அளவுக்குக் கிடைக்கின்றன என்பதோடு இந்த அமைப்பு கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்பது ஜஹரியுதா, ஃபோக்ட், ஐதுனா ஆகியோரின் முடிவுகள். அந்தப் பக்கம் என் துறையல்ல, முடிவுகளை எடுத்துப் பயன்படுத்துபவன்தான் நான். ஆழமாக வேண்டுமென்றால் ஃப்ரெஷே வெளிகளில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள்.

இனி உயர்பரிமாணத்தில் வளையம். தளத்தில் நடந்த வாதத்தின் உயிர்நாடி ஒன்றுதான்: பொதுவான பூச்சியமில்லாத சார்புகளைக் கொண்டு 1-ஐ எழுதிவிட முடிந்தது. ஒரு சார்பு என்றால் அதன் தலைகீழ். பல சார்புகள் என்றால், ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு சார்பால் பெருக்கிக் கூட்டி 1 வரவழைக்க வேண்டும். முழு எண்களில் நாம் அறிந்த பெஸூ சமன்பாடு போன்றது. இது எப்போதும் முடியும் மேனிஃபோல்டுகள் ஸ்டைன் மேனிஃபோல்டுகள்; கார்ல் ஸ்டைன் 1951-இல் இந்த வகுப்பைப் பிரித்தெடுத்தார், கார்ட்டானின் பி தேற்றம் பெஸூ சமன்பாட்டைத் தருகிறது. ஸ்டைன் மேனிஃபோல்டைப் போதுமான பரிமாணமுள்ள யூக்ளிடிய கலப்பெண் வெளியில் மூடிய துணைமேனிஃபோல்டாகப் பதிக்கலாம். பரிமாணம் என் என்றால் 2என்+1 போதும் என்பதை 1960-இல் முழுப்பொதுமையில் நிறுவியவர்களில் ஒருவர் ராகவன் நரசிம்மன். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, மும்பை டாடா ஆய்வுக் கழகம் வழியாகச் சிகாகோ போனவர். வெக்டர் பண்டில்களில் சேஷாத்ரியோடு 1965-இல் தேற்றம் நிறுவிய எம். எஸ். நரசிம்மன் வேறொருவர். அவரும் லயோலாவில் படித்தவர்தான் என்பதால் மாணவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வது வாடிக்கை.

பதித்தல் கிடைத்துவிட்டால் பழைய வாதம் அப்படியே ஓடும். பதிக்கும் சார்புகள் ஒவ்வொன்றையும் ஃபை ஒரு எண்ணுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு சார்பிலிருந்தும் அதற்குரிய எண்ணைக் கழித்தால் வருபவற்றுக்குப் பொதுப் பூச்சியம் இல்லையென்றால் பெஸூ சமன்பாட்டை எழுதி, ஃபையைப் போட்டு, 0 = 1 என்று முடித்துவிடலாம். ஆகவே பொதுப் பூச்சியம் உண்டு. பதித்தல் ஒன்றுக்கொன்றானது என்பதால் அது ஒரே புள்ளி. வேறு எந்தச் சார்பையும் இந்தப் பட்டியலில் சேர்த்து அதே வாதத்தை ஓட்டினால், அதற்கும் பூச்சியம் அந்தப் புள்ளியில்தான். ஆக ஸ்டைன் மேனிஃபோல்டுக்கு உங்கள் கேள்வியின் பதில்: ஆம், சந்தேகமே இல்லாமல். வளையத்தைக் கொடுத்தால் மேனிஃபோல்டு வந்துவிடும். காம்பாக்ட் அல்லாத இணைந்த ரீமான் பரப்பு (ஒற்றைப் பரிமாணக் கலப்பெண் மேனிஃபோல்டு) எதுவாக இருந்தாலும் ஸ்டைன் என்று பெங்கேயும் ஸ்டைனும் 1940-களின் இறுதியில் நிறுவியிருப்பதால், ஒற்றைப் பரிமாணத்தில் காம்பாக்ட் பரப்புகள் மட்டுமே விதிவிலக்கு. இந்தப் பரப்புகளில் சார்புகள் எவ்வளவு தாராளம் என்பதற்கு 1967-இல் கன்னிங்கும் அதே ராகவன் நரசிம்மனும் தந்த தேற்றம் ஒன்று போதும்: அப்படிப்பட்ட ஒவ்வொரு பரப்பிலும், வகைக்கெழு எங்குமே பூச்சியமாகாத பகுமுறைச் சார்பு ஒன்று உண்டு.

ஸ்டைன் அல்லாத இடத்தில் எப்படித் தோற்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மூன்று மேனிஃபோல்டுகளை எடுங்கள்: இரு மாறிகளின் கலப்பெண் வெளி, அதிலிருந்து ஆதிப்புள்ளியைக் கழற்றியது, அதே ஆதிப்புள்ளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ப்ரொஜெக்டிவ் கோட்டைச் (ஆதிப்புள்ளி வழியாகப் போகும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு புள்ளி) செருகியது, அதாவது ப்ளோ-அப். மூன்றும் வேறு வேறு மேனிஃபோல்டுகள், மூன்றுக்கும் சார்பு வளையம் ஒன்றேதான். இரண்டாவதற்குக் காரணம் ஹார்டாக்ஸ் 1906-இல் கண்டது. டபிள்யூவை நிறுத்திவைத்து, இசட்டுக்கு அலகு வட்டத்தின் மேல் கோஷி தொகையீடு எழுதுங்கள். டபிள்யூ 0 அல்லாதபோது அது நம் சார்பையே தருகிறது. டபிள்யூ 0 ஆகும்போதும் தொகையீடு ஆதிப்புள்ளியைத் தொடாததால் தடையின்றிப் பொருள்படும். ஆகவே சார்பு தானாக ஆதிப்புள்ளிக்கும் நீண்டுவிடுகிறது. மூன்றாவதில், செருகப்பட்ட கோடு காம்பாக்ட் என்பதால் எந்தச் சார்பும் அதன் மேல் மாறிலி. கோட்டை ஒரு புள்ளியாகச் சுருக்கினாலும் சார்புக்கு வித்தியாசம் தெரியாது.

ஆதிப்புள்ளி இல்லாத வெளியில் பெஸூ சமன்பாடு எங்கே உடைகிறது என்று பாருங்கள். இசட்டும் டபிள்யூவும் அங்கே ஒரே நேரத்தில் பூச்சியமாவதில்லை. ஆனால் 'இசட் பெருக்கல் ஒரு சார்பு, கூட்டல் டபிள்யூ பெருக்கல் இன்னொரு சார்பு' என்று 1-ஐ எழுத முடியாது. எழுத முடிந்தால், இரண்டு பெருக்கிகளும் ஆதிப்புள்ளிக்கு நீளும், அங்கே இடப்பக்கம் 0 ஆகிவிடும். இடத்துக்கு இடம் எழுதலாம்: இசட் 0 அல்லாத பகுதியில் இசட்டின் தலைகீழை எடுத்துக்கொண்டு டபிள்யூவை விட்டுவிடலாம், டபிள்யூ 0 அல்லாத பகுதியில் மறுதலையாக. இரண்டையும் ஒட்டப்போனால் இசட், டபிள்யூ பெருக்கலின் தலைகீழ் குறுக்கே வந்து நிற்கும். அதை இரு பகுதிகளின் சார்புகளின் வித்தியாசமாகப் பிரிக்கவே முடியாது. ஷீஃப் கோஹோமாலஜி என்று புத்தகங்களில் பயமுறுத்தும் அந்த முதல் கோஹோமாலஜிக் குழுவில் இருக்கும் ஓர் உறுப்பு இதுதான். அங்கே இப்படிப்பட்டவை முடிவிலியாக உண்டு. இதைக் கையால் செய்து பார்த்த பிறகு கோஹோமாலஜி படித்தால் எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரியும். பாடத்திட்டங்கள் இதை ஏன் கடைசியில் வைக்கின்றன என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இப்போது உங்கள் காம்பாக்ட் சந்தேகம். உச்ச மதிப்புத் தத்துவத்தால் இணைந்த காம்பாக்ட் மேனிஃபோல்டில் மாறிலிகள் மட்டுமே. ஆகவே வளையம் எதையும் சொல்லாது. டோரஸில் (இணைகரத்தின் எதிர்ப்பக்கங்களை ஒட்டிக் கிடைக்கும் பரப்பு) இன்னும் நேராகத் தெரியும்: அதன் மேலுள்ள சார்பு தளத்தில் இரட்டைச் சுழற்சியுள்ள சார்பு, ஓர் இணைகரத்தில் வரம்புள்ளது, ஆகவே எங்கும் வரம்புள்ளது, லியூவில் தேற்றத்தால் மாறிலி. லைன் பண்டில் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கலப்பெண் கோட்டை ஒட்டிய அமைப்பு; ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மதிப்பைத் தேர்ந்தால் அது செக்‌ஷன். இங்கே சார்புகளுக்குப் பதில் லைன் பண்டில்களின் பகுமுறை செக்‌ஷன்களை எடுக்கிறோம். ப்ரொஜெக்டிவ் தளத்தில் அவை மூன்று மாறிகளின் சமபடிப் பல்லுறுப்புக் கோவைகள்: படி 2 என்றால் பரிமாணம் 6, படி 3 என்றால் 10. எந்தக் காம்பாக்ட் மேனிஃபோல்டிலும் இந்தப் பரிமாணம் முடிவுள்ளது என்பது கார்ட்டானும் செர்ரும் 1953-இல் தந்த முடிவின் ஒரு பகுதி. காரணம் அதே மோண்டேல்: செக்‌ஷன்களின் வெளிக்கு இங்கே நார்ம் உண்டு, வரம்புள்ள கணங்களும் காம்பாக்ட், ஆகவே பரிமாணம் முடிவுள்ளதாகத்தான் இருக்கமுடியும். திறந்த மேனிஃபோல்டில் நார்மைத் துரத்திய அதே தேற்றம் இங்கே பரிமாணத்தை அடக்குகிறது. ஆம்பிள் லைன் பண்டில் (அடுக்குகளின் செக்‌ஷன்கள் மேனிஃபோல்டை ப்ரொஜெக்டிவ் வெளியில் பதிக்கப் போதுமானது) ஒன்று இருந்தால் அதன் அடுக்குகளின் செக்‌ஷன்கள் எல்லாம் சேர்ந்த வளையத்திலிருந்து மேனிஃபோல்டைத் திரும்பக் கட்டிவிடலாம். எப்போது அப்படி ஒன்று இருக்கும் என்று கொடைரா 1954-இல் நிபந்தனை தந்தார். மறுபடியும் பெருக்கல்தான் வேலை செய்கிறது. ஆனால் இரு பரிமாணப் பொதுவான டோரஸ் போன்றவற்றில் மெரோமார்ஃபிக் சார்புகள்கூட (இடத்துக்கு இடம் இரு பகுமுறைச் சார்புகளின் விகிதமாக எழுதத்தக்கவை) மாறிலிகளே. அங்கே முழு மேனிஃபோல்டுக்குமான சார்புகளை வைத்துப் பயனில்லை. சிறு பகுதிகளின் சார்புகளை, அதாவது ஷீஃபைத்தான் பிடிக்கவேண்டும்.

காம்பாக்ட் இல்லையென்றால் சார்புகள் தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். ப்ரொஜெக்டிவ் தளத்திலிருந்து ஒரு புள்ளியை எடுத்தால் அது காம்பாக்ட் அல்ல, ஆனாலும் ஹார்டாக்ஸ் காரணமாக மாறிலிகள் மட்டுமே. இதைவிட வினோதம்: ஒன்றுக்குள் ஒன்றாக வளர்ந்துகொண்டே போகும் மேனிஃபோல்டுகள், ஒவ்வொன்றும் இரு மாறிகளின் கலப்பெண் வெளியின் நகல், அவற்றின் சேர்ப்பில் மாறிலியல்லாத சார்பு ஒன்றுகூட இல்லாதபடி அமைக்கலாம். போக் தாலரும் ஃபோர்ஸ்ட்னெரிச்சும் 2016-இல் இதைக் கட்டிக்காட்டினார்கள். ஒவ்வொரு படியிலும் சார்புகள் கொட்டிக் கிடக்கின்றன, எல்லையில் எல்லாம் காணாமல் போகின்றன.

நார்ம் உள்ள வெளிகளைப் பற்றிச் சுருக்கமாக. வர்க்கம் தொகையிடத்தக்க சார்புகளின் பெர்க்மன் வெளி ஹில்பர்ட் வெளி. முடிவிலிப் பரிமாணமானால் எல்லாம் ஒன்றேதான், அந்த வெளி தனியாக எதையும் சொல்லாது. புள்ளியில் மதிப்பெடுப்பதைக் குறிக்கும் பெர்க்மன் கர்னல் சொல்லும்: பந்தின் விளிம்பை நெருங்கும்போது அது தூரத்தின் தலைகீழின் மூன்றாம் அடுக்காக எகிறும், தட்டுப் பெருக்கத்தின் விளிம்பில் ஒரு மாறி மட்டும் எல்லையை நெருங்கினால் இரண்டாம் அடுக்குதான். மேனிஃபோல்டில் இயல்பான அளவை எதுவும் இல்லாததால் சார்புகளுக்குப் பதில் உச்சப்படி வகையீட்டு வடிவங்களை எடுக்கவேண்டும். ஜீனஸ் (ஓட்டைகளின் எண்ணிக்கை) ஜி உள்ள காம்பாக்ட் ரீமான் பரப்பில் அந்த வெளியின் பரிமாணம் ஜி. தளத்தின் பகுதிகளில் பெர்க்மன் வெளி ஒன்று 0, இல்லையேல் முடிவிலிப் பரிமாணம். இரு மாறிகளில் 0-வும் அல்லாத, முடிவிலியும் அல்லாத பரிமாணம் வரும் பகுதிகள் உண்டு என்று 1984-இல் வீஹெரிங்க் காட்டினார். எதிர்பார்க்கவே முடியாத ஒன்று.

வரம்புள்ள சார்புகளின் வெளிக்கு வந்தால் பெஸூ சமன்பாடு மறுபடி எட்டிப் பார்க்கும். வட்டத்தட்டில் சில வரம்புள்ள சார்புகள். எந்தப் புள்ளியிலும் எல்லாம் சேர்ந்து 0-வை நெருங்கிவிடாதபடி கீழே ஓர் எல்லை உண்டு. பெருக்கிகளும் வரம்புள்ளவையாக இருக்கும்படி 1-ஐ எழுதமுடியுமா? முடியும் என்று கார்லசன் 1962-இல் நிறுவினார்; கொரோனா தேற்றம் என்பது இதுதான். மேலே பார்த்த பந்து, தட்டுப் பெருக்கம் இரண்டிலும் அதே கேள்வி இன்றுவரை திறந்தே கிடக்கிறது. ஒற்றைப் பரிமாணத்திலும் இன்னொரு பாக்கி உண்டு: காம்பாக்ட் அல்லாத ரீமான் பரப்பு எதையும் மூன்று மாறிகளின் வெளியில் மூடியதாகப் பதிக்கலாம், இரண்டு மாறிகளின் வெளியில் எப்போதும் முடியுமா என்பது தெரியாது. வட்டத்தட்டுக்கு முடியும் என்பது தெரிந்தது.

இந்தத் துறையில் ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கொரோனாவையோ இந்தப் பதித்தல் கேள்வியையோ முதல் பிரச்சினையாக எடுக்காதீர்கள். பெரியவர்கள் பலர் மோதிப் பார்த்தவை. முதலில் ஆதிப்புள்ளி நீக்கிய வெளியின் கோஹோமாலஜி முழுவதையும் லோரான் தொடர் கொண்டு கையால் கணக்கிடுங்கள், பிறகு அதையே மூன்று மாறிகளில் செய்யுங்கள். அங்கே முதல் குழு 0 ஆகி, தடை இரண்டாம் குழுவுக்கு நகர்ந்துவிடும். ஏன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அடுத்த கட்டத்துக்குத் தயார்.